அடுப்பு எதில் எரிகிறது என்று கேட்டவர்

செய்தி வந்தபோது பூனாவை ஒட்டிய தேஹு ரோடு ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்குள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பாங்கில் பியூனாக இருக்கும் ஷிண்டே போனில் கூப்பிட்டார். வேதவல்லி மேடம் விடியற்காலையில் போய்விட்டாராம், மாரடைப்பாம். எனக்கு அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது. ராத்திரி என்ன சாப்பிட்டார், உடம்புக்கு ஏதாவது சொன்னாரா, பக்கத்தில் யார் இருந்தது? ஷிண்டே சற்று நேரம் பதில் சொல்லிப் பார்த்துவிட்டு, நீங்களும் மேடம் மாதிரியே ஆரம்பித்துவிட்டீர்களே என்றார் இந்தியில். அதைக் கேட்டதும்தான் ஆட்டோவை விட்டு இறங்கினேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளையில் அவருக்கு சிஐடி என்று பெயர். சாங்வியிலிருந்து தினமும் வந்துபோன அந்தக் கும்பகோணத்துக்காரர், கவுண்டருக்கு வந்த பெண்ணிடம் கையெழுத்து வாங்குவதற்குள் கேள்வி கேட்டே அவள் வீட்டுச் சமையலறை வரை போய் வந்துவிடுவார். பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுக்கும். பக்கத்துக் கவுண்டரில் நான் பல்லைக் கடிப்பேன். வேலையை மட்டும் பாருங்கள் மேடம் என்று மேனேஜர் ஒருமுறை கண்டித்தபோது, "தெரியாம எப்படி சார் தூக்கம் வரும்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேனேஜருக்கு அது புரியவில்லை.

முனியம்மாள் விஷயம் அப்படித்தான் தொடங்கியது. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி. இங்கே வீட்டு வேலை செய்கிறாள், புருஷன் சாகண் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. பணம் எடுக்க வந்தவளின் புடவையில் புகை வாசம் அடித்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் கேஸ் இணைப்பு அவளுக்கு உண்டு என்பது மேடத்துக்குத் தெரியும். அப்புறம் எதில் சமைக்கிறாய் என்று கேட்டார். விறகில்தான் என்றாள். "சப்சிடி பந்த் ஆயிடுச்சு மேடம். முழுசா துட்டு குடுத்து எத்தினி தடவ வாங்கறது?"

இந்தத் திட்டத்தில் சிலிண்டருக்கு முதலில் முழு விலையையும் கொடுக்க வேண்டும். மானியம் பிறகு பாங்குக் கணக்கில் வந்து விழும். முனியம்மாளுக்கு ஒரு வருஷமாக விழவில்லை. தன் மகன் பைக் வாங்கியதைப் பார்த்து வயிறெரிந்த பக்கத்து வீட்டுக்காரிதான் எழுதிப் போட்டு நிறுத்திவிட்டாள் என்று முடிவுகட்டி, அவளோடு பேச்சையும் நிறுத்தியிருந்தாள். சிலிண்டர் வாங்குவதையும் விட்டுவிட்டாள்.

மேடம் சும்மா இருப்பாரா? மதிய இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். கேஸ் அடுப்பைத் துடைத்து, துணி போட்டு மூடி, மேலே சாமி படம் வைத்திருந்தாள். வாசலில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. முனியம்மாள் அழுதுவிட்டாள். மகள் செல்விக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? செல்விக்கோ மூச்சிரைப்பு. புகை வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். பெற்ற மகளைக் கூட்டிவர வக்கில்லாதவள் என்று ஊர் பேசுமே என்று புலம்பினாள்.

திரும்பி வரும்போது மேடம் ஒன்று சொன்னார். "கவர்ன்மெண்ட் போட்ட காசு வழியில ஆவியாப் போகாதுப்பா. எங்கேயோ யார் வீட்லயோ அதுல உலை கொதிக்கிறது. யார் வீடுன்னுதான் தெரியலை." எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மறுநாள் முனியம்மாளின் விரலை மெஷினில் வைத்துப் பார்த்ததும், ஆதார் வேறொரு பாங்கின் கணக்கோடு சேர்ந்திருப்பது தெரிந்துவிட்டது. முந்தின வருஷம் கூழ் வார்க்க ஊருக்குப் போனவள், நாலு பெண்களோடு சேர்ந்து அங்கேயும் ஒரு கணக்கு ஆரம்பித்திருக்கிறாள். ஆதாரைக் கொடுத்திருக்கிறாள். தம்பியின் போன் நம்பரைக் கொடுத்து, கார்டையும் அவனிடமே விட்டுவிட்டு ரயிலேறிவிட்டாள். ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு சேர்ந்ததோ, மானியம் அங்கேதான் போகும். ஒரு காலை ஊரிலும் ஒரு காலை இங்கேயும் வைத்திருக்கும் நம் ஜனங்களுக்கென்றே அமைந்த தப்பு இது.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டோம். கார்டு விஷயத்தை எடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "ஏன்க்கா நிறுத்திட்ட? நீ அனுப்புற காசுலதான் அம்மாவுக்குக் குட்டி சிலிண்டர் வாங்கிக் குடுத்தேன். எம்பொண்ணு பூனாவுலருந்து அனுப்புதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்துச்சு. இப்ப திரும்பச் சுள்ளி பொறுக்கப் போவுது."

அவன் திருடவில்லை. அக்கா அனுப்புவதாகத்தான் நினைத்திருக்கிறான். இவள் சிலிண்டர் வாங்குவதை விட்டதும் அங்கே காசும் நின்றுவிட்டது. முனியம்மாள் போனைக் கையில் வைத்தபடி மேடத்தைப் பார்த்தாள். அம்மாவிடம் உள்ளதைச் சொல்லட்டுமா, வேண்டாமா என்று கேட்டாள். எல்லாரையும் கேட்டே பழகிய மேடத்தை அன்று ஒருத்தி கேட்டாள். "தெரியலையே முனியம்மா" என்றார் மேடம்.

முனியம்மாள் அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். அது தான் அனுப்பிய பணமில்லை, அரசாங்கத்துப் பணம், தெரியாமல் அங்கே வந்துவிட்டது, செல்விக்காக இனி இங்கே மாற்றப்போகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அதற்கு அந்தம்மா, "உம்பேரச் சொல்லித்தான வந்துச்சு? எனக்கு அது போதும். நீ கொழந்தய நல்லபடியாப் பாரு" என்றார்.

கணக்கை மாற்றினோம். கேஸ் எரிந்தது, செல்வி வந்தாள், பேரன் பிறந்தான். மேடம் மட்டும் சந்தோஷப்படவில்லை. "கேள்வி கேட்டது நான். ஒரேயடியா அணைஞ்சது அந்தம்மா அடுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நம்மால் என்ன செய்ய முடியும் மேடம் என்றேன். அதையும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அந்தம்மா தனிவீடா, ரேஷன் கார்டு தனியா, பேரில் வேறு இணைப்பு உண்டா என்று தம்பியைத் துளைத்தார். அந்தம்மாவுக்கே அந்த இலவச இணைப்புக்குத் தகுதி உண்டு என்று கண்டுபிடித்து விண்ணப்பிக்க வைத்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. அவ்வப்போது பாங்குக்கு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனிலிருந்தே ஊருக்குப் பேசுவார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காகிதம் குறைவாக இருந்தது.

மேடத்தின் காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். அம்மாவுக்கு இணைப்பு வந்ததா என்று கேட்டேன்.

"நேத்துதான் சார் மாட்டிட்டுப் போனாங்க. பால் காச்சியாச்சு. அம்மாவே மேடம்கிட்ட சொல்லணுமாம். போனை அவங்ககிட்ட குடுங்க சார்."

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். மேடம் இல்லை, என்னிடம் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். மேடத்துக்கு வர வேண்டிய அந்தப் பதிலை நான்தான் கேட்டு வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அப்படிக் கேட்பதுதான்.