கோலால் அளந்த சமையலறை

1981 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். தெருக்குழாயில் ஆறு குடம் தண்ணீர் பிடித்தேன். ஐந்தரைக்கு மரத்தூள் அடுப்பை நிரப்பினேன். நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்தி இறுக்கி, பாட்டிலை மெல்லத் திருகி உருவ வேண்டும், அவசரப்பட்டால் சரிந்துவிடும். ஆறு மணிக்குக் காப்பி. வழக்கமாக அதன் பிறகு ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு ஊடை நூல் சுற்றுவேன். அன்று சுற்றவில்லை. தறி காலியாக இருந்தது.

ஆரணியில் எங்கள் வீடு முன்னும் பின்னுமாக நீண்ட ஒரே கூடம். முன்பாதியில் குழித்தறி, பின்பாதி மூலையில் அடுப்பு. நடுவே ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டியிருந்தேன். திரைக்குப் புகையைத் தடுக்கத் தெரியாது. முந்தின வருடம் சித்திரையில் என் கணவர் பதினெட்டு நாள் நெய்த பிஸ்கட் நிறப் புடவையை முதலாளி திருப்பி அனுப்பினார். முந்தியில் மங்கலாக ஒரு படலம்; முகர்ந்தால் தாளிப்பு வாசனை. என் கணவர் இரண்டு நாள் ரசத்தைத் தாளிக்காமலே ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பின்தாழ்வாரத்தைச் சமையலறையாக்குவது என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் நீளவாட்டுப் பட்டிழைகளான பாவு தறியில் இருக்கும்போது வீட்டில் சுவரை இடிக்க முடியாது. சுண்ணாம்புத் தூசு பட்டில் படிந்தால் துடைத்தெடுக்க வழியில்லை. ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும் வரை கிடைக்கும் நாலைந்து நாள்தான் எங்களுக்குக் கட்டட வேலைக் காலம். முன்பு இரண்டு முறை அந்த நாட்கள் வந்தன. ஒரு முறை மழை, ஒரு முறை உறவில் கல்யாணம். இரண்டு முறையும் “அடுத்த வாட்டி பாத்துக்கலாம்” என்றார் என் கணவர்.

இந்த முறை வியாழக்கிழமை பாவு முடிந்தது. புதுப் பாவின் இழைகளைப் பழைய முனைகளோடு பிணைப்பவர் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடிக்க வேண்டும்.

கையில் இருந்ததற்கு மூன்று பொருள்தான் புதிதாக வாங்க முடியும்: மேடைக்கு ஒரு கடப்பா கல், சிமெண்ட், தண்ணீர் வெளியேற ஒரு குழாய்த் துண்டு. மற்றதெல்லாம் வீட்டில் கிடப்பதைக் கொண்டே. அலமாரிக்குப் பழைய தறிப் பலகைகள். தாழ்வாரத் தரையில் சாக்கட்டியால் சமையலறையை முழு அளவில் வரைந்தேன். காலிச் சட்டியோடு கோட்டுக்குள் நின்று சோறு வடித்துப் பார்த்தேன், திரும்பினேன், குனிந்தேன். முதலில் வரைந்தபடி செய்திருந்தால் கஞ்சி வடிக்கும்போது முழங்கை சுவரில் இடித்திருக்கும். அடுப்பை ஒரு சாண் தள்ளி வரைந்தேன். நின்றபடி என் முழங்கைக்கு நாலு விரல் கீழே சுவரில் ஒரு கோடு போட்டேன். மேடையின் உயரம் அது. மேடைக்குக் கீழே மரத்தூள் மூட்டைக்கு, தண்ணீர்த் தவலைக்கு, வாளிக்கு என்று இடம் ஒதுக்கினேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கல்லின் நீளத்தை மூன்று தரம் அளந்து கடைக்குச் சீட்டு அனுப்பினேன்: ஆறு அடி நாலு அங்குலம். சுவருக்குச் சுவர் ஆறு அடி. இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் சுவருக்குள் செருக.

சனிக்கிழமை கொத்தனார் புகை போகச் சுவரில் இரண்டடிக்குத் திறப்பு போட்டார். தறியில் விட்டு வைத்திருந்த பழைய இழை முனைகளைத் துவைத்த வேட்டிகள் இரண்டால் சுற்றிக் கட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குக் கல் வந்து இறங்கியது. கொத்தனாரும் என் கணவரும் தூக்கி, ஒரு முனையை இடது சுவரில் செருகினார்கள்.

“அக்கா, கல்லு எட்டலியே” என்றார் கொத்தனார்.

“எட்டும். நல்லாத் தள்ளுங்க.”

“தள்ளுனா நீளறதுக்கு இது இன்னா ரப்பராக்கா?”

கல்லை இறக்கி வைத்தார்கள். நான் அளந்த கஜக் கோலை எடுத்து வந்து மறுபடி அளந்தேன். சுவருக்குச் சுவர் சரியாக இரண்டு கோல், ஆறு அடிதான். என் கணவர் என் கையைப் பார்த்தார்.

“இத வெச்சா அளந்தே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது புடவை அளக்கும் கோல். தறியில் இழுத்துக் கட்டி நெய்த புடவை, இறக்கியதும் சுருங்கும். அதற்காக எங்கள் வீட்டுக் கோலில் கஜத்துக்கு ஒன்றரை அங்குலம் கூடுதலாகவே வைத்திருக்கிறோம். இருபது வருடம் அந்தக் கோலால் நான் புடவையைத் தவிர வேறெதையும் அளந்ததில்லை.

“செவுரு கூட தறியிலேர்ந்து எறக்குனா சுருங்கும்னு நெனச்சிகினியா?” என்று என் கணவர் சிரித்தார். “இவ அளவு தப்பாதுன்னு தெருவே பேசிகினு இருக்குது, கொத்தனாரே.”

கொத்தனார் சிரிக்கவில்லை. “பேஜாராப் போச்சே. கல்லுக்கட இன்னிக்கி லீவு. நாளைக்கி நான் போளூர் போயிடுவேன், ரெண்டு மாசம் வேல. அடுத்த பாவு முடியறப்ப சொல்லி அனுப்புங்கக்கா, வந்துடறேன்.”

“அதுவும் சரிதான்” என்றார் என் கணவர். “அடுத்த வாட்டி...”

“இல்லீங்க” என்றேன். “இன்னிக்கே ஆவணும். கொத்தனாரே, உங்க டேப்ப குடுங்க.”

டேப்பால் அளந்தேன். சுவருக்குச் சுவர் எழுபத்தைந்து அங்குலம். கல் எழுபத்தாறு. சாக்கட்டியால் தரையிலேயே கணக்குப் போட்டேன். இடது சுவரில் மூன்று அங்குலம் செருகினால் வலது பக்கம் இரண்டு அங்குலம் இடைவெளி விழும். சுவர் தாங்காது, அடியில் ஒரு தூண் தாங்கலாம்.

“தூணுக்குச் செங்கலுக்கு எங்கக்கா போறது?”

“நேத்து நீங்க பேத்துப் போட்டதெல்லாம் கொல்லையில அடுக்கி வெச்சிருக்கேன். முழுசு இருவத்தி மூணு, அரை ஒம்பது.”

கொத்தனார் என் கணவரைப் பார்த்தார். “எண்ணி வெச்சிகினு இருக்காங்கய்யா!”

“என்னோட பல்லக்கூட எண்ணி எழுதி வெச்சிருப்பா” என்று என் கணவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு செங்கல் எடுக்கப் போனார். அதற்குப் பிறகு அடுத்த வாட்டி என்ற பேச்சு வரவில்லை.

வலது சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தூண் எழுந்தது. இருபத்திரண்டு முழுச் செங்கல் பிடித்தது. கல்லை ஏற்றிய பின், வலது சுவரோரம் மிச்சமிருந்த இடைவெளியைச் சிமெண்டால் அடைக்கக் கரண்டியை எடுத்தார் கொத்தனார். வேண்டாமென்று தடுத்தேன். அடியில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே வாளி சரியாக நின்றது. மேடையில் காய் நறுக்கிக் கையால் ஒதுக்கினால் தோலெல்லாம் சந்து வழியாக வாளியில் விழும். ஆனால் தூண் வந்ததால் மரத்தூள் மூட்டைக்கு ஒதுக்கிய இடம் போய்விட்டது. அது கடைசிவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றது. அதில் இடித்துக்கொள்ளாத நாளே இல்லை.

நாலரைக்கு வேலை முடிந்தது. “மூணு நாளிக்கி மேடையில பாரம் ஏத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார். கூடத்தின் சுவர், தரை, ஓட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூன்று தரம் துடைத்தேன். தறியை மட்டும் என் கணவர் தாமே துடைத்தார். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே சரியாகச் சாத்தாமல் கிடந்த கதவை இழைத்துச் சாத்த வைத்ததும் அவர்தான்.

மறுநாள் திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு எழுந்தேன். தண்ணீருக்குப் போகவில்லை. மரத்தூள் அடுப்பைத் தாழ்வாரத்தில், புகைத் திறப்புக்கு நேர் கீழே தரையில் வைத்துப் பற்றவைத்தேன். கூடத்துக் கதவைச் சாத்தினேன். வாணலியில் எண்ணெய் விட்டு, ஆறு வற்றல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, வேண்டுமென்றே கருகவிட்டேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புகை திறப்பை நோக்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலித் தறியில் உட்கார்ந்திருந்த என் கணவர் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

“ஏம்மா, மணி அஞ்சரை ஆவுது. இன்னுமா அடுப்பு பத்த வெக்கல?”