பீட்ரூட் சாயம் என்று நினைத்தேன்

நாங்கள் அன்னவாசலில் இருக்கிறோம். என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு நாள் காலை, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதான். சற்று ஓய்ந்து, மறுபடியும் அழுதான்.

"உரம் விழுந்திருக்கும்த்தா. சேலையில போட்டு உருட்டுனா சரியாயிரும்" என்றார் மாமியார். பிள்ளை விடாமல் அழுதால், உடம்பில் எங்கோ பிடித்துக்கொண்டது என்று எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். நானும் சேலையை விரித்தேன். அப்போதுதான் அவன் இடுப்புத் துணியில் மலம் சளியோடு ஜெல்லி போலச் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். முந்தின நாள் ஊட்டிய பீட்ரூட்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு துணியை அலசப் போனேன். அதற்குள் அவன் வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டான். மாமியாரே பயந்துபோனார்.

"அலசாதத்தா, அப்படியே கொண்டுபோய்க் காட்டுவோம். ஆட்டோவக் கூப்புடு."

புதுக்கோட்டையில் டாக்டர் துணியைப் பார்த்ததுமே ஸ்கேன் எடுத்தார். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டதால் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்.

"பீட்ரூட்டுன்னு நெனச்சுட்டேன் டாக்டர்."

"பீட்ரூட்டுக்கு வலிக்காதேம்மா. நல்லவேளை, நேரத்தோட வந்துட்டீங்க."

ஆசனவாய் வழியாக உப்புநீரைச் செலுத்தியே குடலை விடுவித்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை.

அவன் சிணுங்கினாலே இன்னும் பதறுகிறேன். ஆனால் இப்போது முதலில் துணியைப் பிரித்துப் பார்க்கிறேன். சிவப்பாக ஏதாவது தெரிந்தால், வீட்டில் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் துணியோடு டாக்டரிடம் போவேன். வீணாகப் பதறினேன் என்று அவர் சொன்னால், சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவேன்.