பக்கத்துக் கிணற்றில் ஒரு செம்பருத்தி

பிள்ளைகளே, போன வாரம் நான் ஒரு மோட்டாருக்குக் கை தட்டினேன். சிரிக்காதீர்கள்!

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பு இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. நிலத்தடியில் தண்ணீர் இருப்பதைக் காட்டினால்தான் பஞ்சாயத்தில் அனுமதி. நல்ல ஏற்பாடுதானே? அதற்காகப் புது போர்வெல்லைக் காலையிலிருந்து ஓட்டினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். யானைத் தும்பிக்கை கனத்தில் கொட்டுகிறது!

"பாத்தீங்களா? ஊருக்கே பத்துமுங்க!" என்றார் மனை விற்கும் மாரிமுத்து. எல்லோரும் தட்டினோம்.

அப்போது என் மனைவியிடமிருந்து போன்.

"ஏனுங்க, எங்க நிக்கறீங்க? நம்மூட்டு மோட்டாரு வெறும் காத்தை இழுக்குது. கெணத்துல பாறை தெரியுதுங்க!"

"காலைல தண்ணி இருந்துச்சே?"

"இருந்துச்சு. அங்க கொட்டறது யாரூட்டுத் தண்ணீன்னு நெனச்சீங்க?"

தட்டிய கை... அப்படியே நின்றுவிட்டது.

என் அப்பா கிணறு வெட்டிய நாள் ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது உங்கள் வயது. ஊற்று வந்ததும் யாரும் குதிக்கவில்லை. டீசல் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். அந்த நேரம் பக்கத்துத் தோட்டத்துச் சின்னசாமி மாமா தன் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீர் தொடும் படியில் ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் சத்தத்துக்கு மேல் அப்பா கத்துவார்:

"மாமா, பூ நனையுதா?"

"நனையுது மாப்ள, ஓட்டு!"

மாமா கிணற்றில் தண்ணீர் இறங்கிப் பூ காய்ந்திருந்தால் இன்ஜினை அணைத்திருப்பார்கள். காயவில்லை. அன்று இரண்டு வீட்டிலும் பாயசம். அதன் வெல்ல வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது...

போன வாரம் தோப்பில் கை தட்டியவர்களோடு வார்டு மெம்பரம்மாவும் நின்றார். "எங்க கெணத்தையும் ஒரு எட்டு வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டேன். மாரிமுத்துவும் கூடவே வந்தார்.

"உங்களுக்கு வயித்தெரிச்சலுங்க!"

"வயிறு குளுகுளுன்னுதான் இருக்குது. கெணறுதான் காயுது, குனிஞ்சு பாருங்க!" என்றாள் என் மனைவி.

மெம்பரம்மா குனிந்து பார்த்தார். நேராகத் தோப்புக்குப் போய் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். சோதனை மறுபடி நடக்குமாம் — இந்த முறை எங்கள் கிணற்றுப் படியில் ஓர் ஆளை உட்கார வைத்து.

பிள்ளைகளே, நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் கொட்டும்போது பக்கத்து வீட்டையும் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

என் மனைவி பழைய தண்ணீர் மட்டத்தில் ஒரு செம்பருத்தி வைத்திருக்கிறாள். வாடினால் வேறு பூ மாற்றுகிறாள்.

தண்ணீர்தான் இன்னும் பூவுக்கு வந்து சேரவில்லை.