ஏழாவது அடி

மகளின் கராத்தே உடுப்பைக் கஞ்சி போட்டு உலர்த்தினால் விறைப்பாக, லேசான புளித்த வாசனையோடு வருகிறது. நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஹாலில் கட்டா செய்தாள். எதிரே ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்த வரிசை மாறாமல் தனியாகக் குத்துவதும் உதைப்பதும்தான் கட்டா. டீவி ஸ்டாண்டில் இடித்துக்கொள்வாளோ என்று, "தள்ளி வா சாமி" என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றிவிட்டது. எதைச் செய்தாலும் எனக்கு இப்படித்தான். ஆனால் இதற்கு மட்டும் காரணம் உண்டு. சிரிக்காமல் கேட்டால் சொல்கிறேன்.

ராசிபுரத்தில் ஒன்பதாவது படித்தபோது நானும் ஷகிலாவும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் கட்டா பழகுவோம். அவள் அத்தா கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மோதிப் பழகும் சண்டைக்கு இரண்டு வீட்டிலும் அனுமதி இல்லை. "பொட்டப்புள்ளைக்கு மூக்கு ஒடஞ்சு போனா என்னங்க பண்றது?" என்று அம்மா மாஸ்டரிடமே கேட்டுவிட்டார். அதனால் எங்களுக்குக் கராத்தே என்றால் கட்டா மட்டும்தான். மாடி நடுவே சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஏழாவது அடியில் நேரே போனால் முட்டும் என்று இடப்பக்கம் ஒரு எட்டு ஒதுங்கிப் போவோம். தினமும் ஒன்றாக ஒதுங்கி ஒதுங்கி, அதுவும் கட்டாவில் ஓர் அடி என்றே ஆகிவிட்டது.

பச்சை பெல்ட் தேர்வு சேலத்தில். அதை வாங்காவிட்டால் பத்தாம் வகுப்பைச் சாக்குச் சொல்லி நிறுத்திவிடுவது என்று என் அப்பாவும் அவள் அத்தாவும் பேசி வைத்திருந்தார்கள். முதலில் ஷகிலாவைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில், ஏழாவது அடியில், அழகாக ஒதுங்கிப் போனாள்.

"அங்க என்ன பாப்பா இருக்குது?" என்றார் தேர்வு நடத்த வந்தவர்.

"தொட்டிங்க சார்."

மண்டபமே சிரித்தது. பெல்ட் இல்லை.

அடுத்து நான். அவளைப் போலவே ஒதுங்கிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். நேரே போனேன். பெல்ட் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "ஏம்புள்ள, தொட்டிக்குள்ளயே எறங்கிட்டியே. தண்ணி சில்லுன்னு இருந்துச்சா?"

"போடி" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என் பெல்ட்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் சுருட்டி, ராசிபுரம் வரும்வரை தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

அதன்பின் அவளை வகுப்புக்கு விடவில்லை. நான் மட்டும் மாடிக்குப் போனேன். எதிரியை நினைத்துக்கொள்ளச் சொல்லித்தான் மாஸ்டர் பழக்கியிருந்தார். நானோ பக்கத்தில் ஷகிலாவை நினைத்துக்கொண்டு செய்தேன். அவள் கால் ஊன்றும் சத்தம் கேட்காமல் எனக்கு அடுத்த அடி வரவில்லை. இரண்டு மாதத்தில் நானும் நின்றுவிட்டேன். இப்போது குனிந்து வணக்கம் வைப்பது வரைதான் ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஓர் அடிகூட இல்லை.