நாற்சந்திக்கு ஒரு சிக்னல்

கடல் ஏறிவந்து பாதி ஊரை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சியது பத்தொன்பது வீடு. மோட்டார் வண்டி ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு சைக்கிள், மூன்று தள்ளுவண்டி. இத்தனை போக்குவரத்துக்கும் நாற்சந்தியில் ஒரு சிக்னல் எரிந்தது. அதை எரியவைத்தவர்தான் சிக்னல்காரர். தினமும் ஏணி போட்டு ஏறி, மூன்று விளக்குகளையும் பழைய பனியனால் துடைப்பார். சிவப்பு விழுந்தால், எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் எல்லோரும் நிற்பார்கள். யாருக்கு ஜலதோஷம், யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது என்பதெல்லாம் அங்கே நிற்கும்போதுதான் தெரியவரும்.

தண்ணீர் பம்பு அவர் மனைவியின் பொறுப்பு. போன வாரம் அடித்த காற்றில் பம்பின் சோலார் பேனல் உடைந்துவிட்டது. ஊரில் இருந்த இன்னொரு பேனல் சிக்னலுடையது.

"கழட்டிக் குடுங்க. ஜனங்க தண்ணி குடிக்கணுமா, உங்க லைட்டப் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றார் மனைவி.

கழற்றிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்து விளக்குகள் அணைந்தன. அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதுதான் அந்த அம்மாளை உறுத்தியது.

மூன்றாம் நாள் காலை, அம்மாள் தண்ணீர்க் கேன்களோடு சைக்கிளில் சந்திக்கு வந்தார். இடப்பக்கத்திலிருந்து ரொட்டிக்காரர். விளக்கு இல்லாததால் இருவரும் நின்றார்கள்.

"நீங்க போங்கக்கா."

"ரொட்டி ஆறிடும் தம்பி, நீ போ."

"தண்ணி கனம், நீங்க போங்க."

இப்படியே ஐந்து நிமிஷம். கடைசியில் பொறுமை போய் இருவரும் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். கடல் வந்த பிறகு அந்த ஊரில் நடந்த முதல் விபத்து அதுதான். ரொட்டி மொத்தமும் ஊறிப்போனது. அம்மாளுக்கு முழங்காலில் சிராய்ப்பு.

சிக்னல்காரர் குனிந்து மருந்து தடவினார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க."

"நான் எங்க சிரிச்சேன்?"

"மீசை சிரிக்குதே!"

கொஞ்ச நேரம் கழித்து அம்மாளே சொன்னார்: "காலைல ரெண்டு மணி நேரம் பேனல் உங்களுக்கு. பேட்டரிய ஏத்திக்குங்க. அப்புறம் பம்புக்கு வந்துடணும். தூக்கிட்டு அலையறது உங்க பாடு."

"மஞ்ச லைட்ட விட்டுட்டா ஒரு மணி நேரமே போதும்" என்றார் அவர், அடக்கமாக.

"மஞ்ச இல்லாமயா? திடுதிப்புனு நில்லுன்னா யாரு நிப்பா? ரெண்டு மணி நேரமே வெச்சுக்குங்க."