அவிழ்ந்து கிடந்த கட்டுமரம்

இன்று நண்பர் ஞானமுத்துவோடு கருங்கலிலிருந்து வில்வண்டியில் கடியப்பட்டணம் போய், அங்கிருந்து கட்டுமரத்தில் ஏறி, கடலுக்குள் இருக்கும் பாறைத் தீவில் இறங்கினேன். சிப்பி பறித்துச் சுட்டுத் தின்று, கரையை வேடிக்கை பார்த்துத் திரும்புவதாகத் திட்டம்.

இறங்கியதும் கட்டுமரக்காரர் சூசை மரத்தைப் பாறைமேல் இழுத்துப்போட்டு, கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் வந்த கட்டுமரம் வெறும் தடிகளாகக் கிடந்தது. நான் சூசையிடம் ஓடினேன்.

"ஓய், என்ன செய்யுதீரு? நாங்க எப்பிடித் திரும்பிப் போவ?"

"மரம் வெயிலு காயணும் சாரே. நனைஞ்சா கனக்கும். போவும்போ கெட்டிக்கிடலாம்."

அலை ஒன்று ஏறி வந்து ஒரு தடியை அசைத்தது. ஞானமுத்து, 'மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்' என்று வரும் இருபத்துமூன்றாம் சங்கீதம் சொல்லத் தொடங்கினார். நான் அந்தத் தடியின்மேல் ஏறி உட்கார்ந்தேன். திரும்புவதற்காக மரத்தைக் கட்ட சூசை வந்து எழுப்பும்வரை இறங்கவில்லை.

சிப்பி நல்ல ருசியாம்.

அடுத்த சனிக்கிழமையும் ஞானமுத்து போகிறாராம். மரத்தில் என் இடம் காலி. யாருக்கு வேண்டும்?