கழற்றி வைத்த பக்கத் தகடு

சூடேறிய தூசிக்கென்று ஒரு மணம் உண்டு. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில், பக்கத் தகடு கழற்றப்பட்ட கணினிப் பெட்டிக்குள் மேசை விசிறி காற்றை ஊத, அந்தக் காற்று உள்ளே படிந்த தூசியையும், கடலிலிருந்து வந்த உப்பையும், காய்ந்த பிளாஸ்டிக்கின் வாடையையும் அள்ளிக்கொண்டு வெளியேறும்போது எழுந்த மணம் அது. ஞாயிற்றுக்கிழமையின் மணம் எதுவென்று கேட்டால், மற்றவர்கள் கறிக்குழம்பைச் சொல்லும் இடத்தில் நான் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் 'சிபியூ' என்று அழைத்த அந்தப் பெட்டியை, சிதம்பரத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த என் தாய்மாமா உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டி, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து தந்தார். தந்த அன்றே பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "இது தொறந்தே கெடக்கட்டும்க்கா, மூடனா வெந்துடும்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவோ படகு இன்ஜின் உதிரி பாகங்கள் விற்பவர்; கடற்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்ப்பவர். "தொறந்து வெச்சா துரு தின்னுடும் மச்சான். உப்புக் காத்துக்கு இரும்புதான் சோறு" என்றார். வேவதா, துருப்பிடிப்பதா என்ற அந்த வழக்கு அன்று தொடங்கி, நான் பத்தாம் வகுப்புக்கு வரும்வரை ஞாயிறுதோறும் நடந்தது. மாமா சிதம்பரத்திலிருந்து ஒரு சின்ன பிரஷ்ஷோடும் திருப்புளியோடும் வருவார்; பெட்டியின் உள்ளே தூசி தட்டுவார்; அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்வார்; சபை கூடிவிடும்.

வாதம் தகட்டோடு நிற்கவில்லை. அணைக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'ரீசெட்' பொத்தானையும் வைத்தவன் அறிவாளியா, பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரனா? பென்டிரைவை அனுமதி கேட்டுப் பிடுங்குவது மரியாதையா, வீண் சடங்கா? கணினிக் கோப்பு ஒன்றை அழிக்கும்போது 'நிச்சயமாகவா?' என்று இயந்திரம் திருப்பிக் கேட்பது அக்கறையா, நம்மீது அதற்கிருக்கும் அவநம்பிக்கையா? "பொருள வாங்கனவன் நானு. தூக்கிப் போடுன்னா போட வேண்டியதுதான, நிச்சயமா நிச்சயமான்னு என்னா கேள்வி?" என்று அப்பா கேட்பார். "தப்பா அமுக்கிட்டு, மச்சான் போச்சு மச்சான்னு எனக்கு போன் போடறது யாரு மாமா?" என்று, அக்கா கணவரை மாமா என்றே அழைக்கும் என் மாமாவிடமிருந்து பதில் வரும். அடுக்களையில் அம்மா சிரிப்பது கேட்கும்.

ஒருமுறை, கணினியை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பில் திரையின் இடது கீழ் மூலையில் காலங்காலமாக இருந்த தொடக்கப் பொத்தானைக் காணவில்லை. மாமா அதை எங்கள் கணினியில் ஏற்றிய ஞாயிறன்று அப்பா கொதித்துப்போனார். "வாசப்படிய பேத்துட்டு, கொல்லப்பக்கமா சுத்தி வான்றானே, இதெல்லாம் ஒரு வூடா மச்சான்?" மாமா திருப்புளியைத் துணியில் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "வாசப்படி இருந்தும் ஏத்தாத வூடு இருக்குதே மாமா." அம்மா இருவருக்கும் நடுவில் வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "அது கெடக்கட்டும். அந்தத் தகடு விஷயம் என்னா ஆச்சு? நேத்து தொட்டுப் பாத்தேன், சூடு ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்றார். சபை பழையபடி கூடிக்கொண்டது.

ஏற்றாத வீடு எங்கள் வீடுதான். மாமா, ஸ்டெல்லா என்ற கத்தோலிக்கப் பெண்ணை விரும்பி மணந்திருந்தார். அப்பா அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை, அம்மாவையும் போகவிடவில்லை. மாமா வரலாம், அமரலாம், உண்ணலாம். ஸ்டெல்லா அத்தை எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அதைப்பற்றி ஆண்கள் இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொண்டதில்லை. பேசினால் முறியும் என்பதை இருவரும் அறிவார்கள். ஆகவே ரீசெட் பொத்தானைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த மன்றத்துக்கு நடுவர் அம்மா. ஆனால் எப்படிப்பட்ட நடுவர்! அப்போது நான் மாவட்டப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளை வென்று அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த காலம். நடுவர் எனப்படுபவர் முடிவில் ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும் என்ற இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருந்தவள். அம்மாவோ ஒவ்வொரு வாரமும், "ரெண்டு பேரு சொல்றதும் ஞாயமாத்தான் இருக்குது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சபையைக் கலைத்துவிடுவார். ஒரு வழக்கு முடிவுக்கு வருவதுபோல் தெரிந்தால் போதும், புதிதாக ஒன்றைக் கிளப்புவார். கணினியைத் தொட்டே பழகாத அவருக்கு இத்தனை ஐயங்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று நான் வியந்திருக்கிறேன். இவ்வளவு பலவீனமான ஒரு நடுவர் என் வீட்டில் அமைந்தாரே என்று உள்ளூர நாணியும் இருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு விடுமுறையில், பொறுமையிழந்து நானே தீர்ப்பெழுதினேன். முக்காலியின்மேல் ஏறி, "அவையோர்க்கு வணக்கம்" என்று தொடங்கி, இரு தரப்பையும் எடைபோட்டு, தகடும் வேண்டாம், வெட்டவெளியும் வேண்டாம், திறந்த பக்கத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள் என்று முடித்தேன். "மீனத்தான் வலைய போட்டுப் புடிப்பாங்க, நீ உப்பயே புடிக்கறியா?" என்று அப்பா சிரித்தார், ஆயினும் ஒப்புக்கொண்டார். மாமா தம் கையாலேயே வலையைக் கட்டினார். வழக்கு தீர்ந்தது. அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது வலையைக் காணோம். பெட்டி முன்போல் வாய்பிளந்து கிடந்தது. "மாடியில வடாம் காய வெச்சேன். காக்கா வருது, வலைய எடுத்துட்டேன்" என்றார் அம்மா, சிறிதும் தயங்காமல்.

என் முதல் தீர்ப்பைக் காக்கைகளுக்கு இரையாக்கிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. மாமா போன பிறகு சண்டைக்கு நின்றேன். அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார்: "தீர்ப்பு சொல்லிட்டா எல்லாரும் எழுந்து அவுங்கவுங்க வூட்டுக்குப் போயிடுவாங்கடி. ஸ்டெல்லா இந்தப் படி ஏறுற வரைக்கும் இது ஓடணும்." சொல்லின் அழகை மட்டுமே கேட்கப் பழகிய செவி என்னுடையது, அழகில்லாத அந்தச் சொற்கள் அன்று அதில் தங்கவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அந்த இயந்திரம் நின்றுபோனது. மாமா 'மதர்போர்டை' வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெந்ததா, துருப்பிடித்ததா என்று அப்பா ஆவலோடு கேட்டார். "ரெண்டுந்தான் மாமா" என்றார் மாமா. இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாமா வேறு போர்டு தேடிக் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனார். ஆனால் அடுத்த ஞாயிறுக்குள், நல்ல எண்ணத்தோடுதான், மச்சானுக்கு இனி வீண் அலைச்சல் வேண்டாம் என்று, அப்பா ஒரு மெல்லிய மடிக்கணினியை வாங்கிவந்துவிட்டார்.

மாமா அதைக் கையில் வாங்கி, கவிழ்த்து, விளிம்பெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். அவருடைய திருப்புளி நுழைய அதில் இடமில்லை. "இதுல எனக்கு வேல ஒண்ணும் இல்ல மாமா." "அதான் மச்சான் இதுல விசேஷமே." அம்மா விரைந்து வந்தார். "ஆஃப் பண்ணாம மூடி வெச்சாலே அதுவா தூங்கிடுதாமே, அது சரியா?" என்று கேட்டார். "நல்லதுதான்" என்றார் அப்பா. "நல்லதுதான்க்கா" என்றார் மாமா. அம்மா பென்டிரைவைப் பற்றிக் கேட்டார். அதிலும் இருவரும் ஒத்துப்போனார்கள். பேச வேறொன்றும் இல்லாமல் போன அந்த முன்னறையில், இத்தனை ஆண்டுகள் எல்லோரும் சுற்றிவந்த அந்த ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"மாமா, வர்ற பொங்கலுக்கு ஸ்டெல்லாவயும் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டார் மாமா.

அப்பா மடிக்கணினியின் மூடியை மூடினார். அது தூங்கிவிட்டது. "எல போடச் சொல்றேன். சாப்ட்டுப் போ மச்சான்" என்றார், முகத்தைப் பார்க்காமல். மாமா சாப்பிடவில்லை. திருப்புளியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டார். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எந்தப் பக்கத்திலும் நின்று பேச வல்லவள் என்று பெயரெடுத்த நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவரை இன்னொரு கால்மணி நேரம் உட்காரவைக்க ஒரு தலைப்பும் எனக்குத் தோன்றவில்லை. அம்மா மட்டும் வாசல்வரை சென்று, "அந்தப் பழைய பெட்டி இருக்குதேடா தம்பி" என்று சொன்னதாக நினைவு.

இன்று நான் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரி மேடைகளில் நடுவராகவும் அமர்கிறேன். தெளிவாகத் தீர்ப்பு வழங்குபவள் என்று பாராட்டுகிறார்கள். என் பையில் இருக்கும் எந்தக் கருவியிலும் கழற்றி வைக்க ஒரு தகடு இல்லை; பசைபோட்டு ஒட்டியே அனுப்பிவிடுகிறார்கள். மாமா வராத முதுநகர் வீட்டில் ஞாயிறு மற்ற நாள்களைப் போலவே கழிகிறது. அப்பா இப்போதெல்லாம் திரை எதைக் கேட்டாலும் படித்துப் பார்ப்பதில்லை. 'சரி' என்பதை அழுத்திவிடுகிறார்.

சென்ற வாரம் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "மாமா கடப் பக்கம் போவியா? போனா கேளு. நாம அணைக்கச் சொன்னா, 'இரு, புதுப்பிச்சுட்டு அணைக்கறேன்'னு அதுவா முடிவு பண்ணுதே, அது ஞாயமான்னு கேளு." போனேன். கணினிகள் கிடந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. கல்லாவில் இருந்த ஸ்டெல்லா அத்தை எனக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார். மாமா ஒரு கைப்பேசித் திரையின்மேல் காப்புக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் கை நின்றது. முகத்தில் பழைய ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்து நின்றது.

"அக்கா கேக்கச் சொல்லுச்சா?" என்று சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, எதிர்த்தரப்பு வாதத்துக்குக் காத்திருப்பவரைப் போல, "உங்கப்பா என்னா சொல்றாரு?" என்றார். அத்தை தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா ஒண்ணும் சொல்றதில்ல மாமா."

மாமா தலையை ஆட்டினார். கண்ணாடிக்கு அடியில் சிக்கியிருந்த ஒரு காற்றுக் குமிழியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி விளிம்புக்குக் கொண்டுவந்தார். அது வெளியேறியது. கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இனிக் காற்றுப் புக மயிரிழை இடமும் இல்லை.